பட்டடையைப் பார்த்து வாங்குங்கள்: பழைய நீராவிச் சம்மட்டியை மீட்டெடுக்கும் வழி

"பழைய நீராவிச் சம்மட்டி ஒன்று விலைக்கு வருது, வாங்கலாமா அண்ணே?" என்று யாராவது போன் பண்ணினால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "பட்டடை எங்கே இருக்கு, தம்பி?" பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வராது. சிலிண்டர் படம் அனுப்புவார்கள், பித்தளைப் பெயர்த்தகட்டின் படம் அனுப்புவார்கள், கைப்பிடியின் படம்கூட வரும். அடியைத் தாங்கும் கீழ்க்கட்டையான பட்டடையின் படம் மட்டும் வராது.

ஏன் கேட்கிறேன் என்றால், நானே பட்டடை இல்லாத சம்மட்டியை வாங்கியவன். மலேசியாவின் பேராக்கில் வெகுகாலம் மூடிக்கிடந்த ஈயச் (வெள்ளீயச்) சுரங்கப் பட்டறை ஒன்றை இடித்தபோது, அங்கிருந்த இரும்பு முழுவதையும் எடுத்த தவுக்கே (சீன முதலாளி) என்னைக் கூப்பிட்டார். அவருடைய கொல்லையில் மழையில் நனைந்தபடி நின்றது மான்செஸ்டர் மாஸி கம்பெனியின் மூன்று ஹண்டர்வெயிட் சம்மட்டி. எனக்கு அதுவரை தெரிந்ததெல்லாம் சின்ன சீனச் சம்மட்டிகள். அவற்றில் பட்டடை உடம்போடு சேர்ந்தே இருக்கும். அந்தப் பழக்கத்தில் கிலோ கணக்கில் விலை பேசி, கோலாலம்பூர் செகாம்புட்டில் இருக்கும் என் பட்டறை வரைக்கும் லோரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டேன். இறக்கின பிறகுதான் உறைத்தது: மேலே இருந்து விழும் தலை இருக்கிறது, அந்த அடியை வாங்கிக்கொள்ளக் கீழே ஒன்றும் இல்லை. அது இடித்த பட்டறையின் தரைக்குள்ளேயே இருந்தது. இரும்பில் படும் அடிமுகமான மேல் டையைக் கழற்றியவர்கள் கீழ் டையையும் கழற்றிவிட்டு, இடிபாட்டு மண்ணைத் தள்ளி மூடிவிட்டிருந்தார்கள். திரும்பப் போய், தளத்துக்காரரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, இரண்டு நாள் காங்கிரீட் உடைத்து அதை வெளியே எடுத்தோம். எடைமேடையில் ஏற்றியபோது 1,900 கிலோ காட்டியது.

எங்கள் தொழில் என்ன என்றும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் எந்தக் கண்ணோடு பேசுகிறேன் என்பது புரியும். தோட்டத்து முனீஸ்வரர் கோயில்களுக்கு ஆளுயர அருவாள், பத்துமலைக்குப் போகும் காவடிகளுக்கு வேல், வருடம் முழுக்க செம்பனை (எண்ணெய்ப்பனை) அறுக்கும் கத்தி, இடையிடையே வாசல் கேட். அப்பா காலத்தில் இரண்டு பேர் சம்மட்டி போட, அப்பா குறடு பிடிப்பார். இன்றைக்குச் சம்மட்டி போட ஆள் இல்லை. லோரி ஸ்பிரிங் பட்டையில் ஐந்தடி அருவாளைத் தனியாளாக நீட்ட முடியாது.

சரி, எந்திரத்துக்கு வருவோம். நீராவிச் சம்மட்டியின் அமைப்பு எளிமையானது. மேலே ஒரு சிலிண்டர், அதற்குள் பிஸ்டன், பிஸ்டனிலிருந்து இறங்கும் தண்டு, தண்டின் நுனியில் தலை, தலையின் அடியில் மேல் டை. இதையெல்லாம் தாங்கி நிற்கும் வார்ப்பிரும்பு உடம்பு. அதற்கு நேர்கீழே, உடம்போடு ஒட்டாமல், தனியாக மண்ணுக்குள் உட்கார்ந்திருக்கும் பட்டடைக் கட்டை. அதன் மேல் கீழ் டை. ஸ்காட்லாந்துப் பொறியாளர் ஜேம்ஸ் நாஸ்மித் 1839 நவம்பர் 24-ஆம் தேதி தன் குறிப்பேட்டில் வரைந்த படத்திலும் இவ்வளவுதான் இருந்தது. 'கிரேட் பிரிட்டன்' கப்பலின் துடுப்புச் சக்கரத்துக்குத் தேவைப்பட்ட பெரிய தண்டை அடிக்க அவர் யோசித்த வழி அது. கப்பல் புரொப்பெல்லருக்கு மாறியதால் அந்தத் தண்டே தேவைப்படாமல் போயிற்று. முதலில் ஒன்றைக் கட்டி ஓட்டியது பிரான்சில், லெ க்ரூசோவில். 1842-இல் நாஸ்மித் அங்கே போய் அதைப் பார்த்துவிட்டு வந்துதான் காப்புரிமை எடுத்தார்.

பெயர்த்தகட்டில் '3 ஹண்டர்வெயிட்' என்று இருந்தால் அது எந்திரத்தின் மொத்த எடை அல்ல. விழும் பாகங்களின் எடை: பிஸ்டன், தண்டு, தலை, மேல் டை எல்லாம் சேர்த்து. ஒரு ஹண்டர்வெயிட் 112 ராத்தல், அதாவது 50.8 கிலோ. மூன்று என்றால் 152 கிலோ. என் பட்டடை அதைப்போல் பன்னிரண்டு மடங்கு கனம். பத்து மடங்குக்குக் குறைந்த பட்டடையைத் தொடாதீர்கள். பட்டடை இலேசாக இருந்தால் அடி இரும்புக்குள் போகாமல் மண்ணுக்குள் போகும். பதினைந்து மடங்கு கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்குங்கள்.

எங்கே தேடுவது? இந்த நாட்டில் இவை இருந்த இடங்கள் நான்கைந்து வகைதான். ரயில்வே பட்டறைகள், ஈயச் சுரங்கங்களின் பட்டறைகள், கப்பல் பழுதுபார்க்கும் துறைகள், பழைய வார்ப்பு ஆலைகள், பெரிய தோட்டக் கம்பெனிகளின் பொறியியல் பட்டறைகள். 1985 அக்டோபரில் ஈய விலை விழுந்த பிறகு பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. தஞ்சோங் துவாலாங்கில் ஓர் ஈயக் கப்பலை, அதாவது ஈய மண்ணைத் தோண்டும் மிதக்கும் எந்திரத்தை, பாதுகாத்து வைத்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். 1938-இல் கட்டியது. அந்த வாளிகளையும் அவற்றைக் கோக்கும் இரும்பு ஊசிகளையும் பார்த்தால், அப்படி ஒரு கப்பலை ஓட வைக்க எவ்வளவு பெரிய கொல்லுப் பட்டறை தேவைப்பட்டிருக்கும் என்பது தெரியும். ஆனால் அந்தப் பட்டறைகளில் இருந்தவற்றில் பெரும்பகுதி உருகிப் போய்விட்டது. மிச்சம் இருப்பவை இரும்புக் கடைக்காரர்கள் வழியாகத்தான் வரும். அவர்களிடம் நல்ல பெயர் எடுத்து வைப்பதுதான் வழி. ஈப்போ, பத்து காஜா, கிள்ளான் பக்கத்துக் கடைகளுக்கு மாதம் ஒரு முறை நேரில் போய்த் தலையைக் காட்டுங்கள். எந்திரத்தின் படத்தை அச்சடித்துக் கொடுத்து, "இந்த மாதிரி வந்தால் கேஸ் வைத்து வெட்டாதீங்க, வெட்டுகிற இரும்பு விலைக்கு மேல் நான் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். நான் கிலோவுக்கு 1 வெள்ளி 30 காசு கொடுத்தேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நீங்கள் அடிப்பது அடுப்படிக் கத்தியும் கைக்கோடாரியும் என்றால் இந்த வழிக்கு வராதீர்கள். சீனாவிலிருந்து வரும் 25 கிலோ, 40 கிலோ மோட்டார் காற்றுச் சம்மட்டி போதும். மின்சாரம் கொடுத்தால் ஓடும், ஒரு மூலையில் அடங்கும். கனத்த இரும்பு அடிப்பவருக்கும், பெரிய டைக்கு நடுவே அங்குலம் அங்குலமாக அடியை அளந்து போட வேண்டியவருக்கும்தான் நீராவிச் சம்மட்டி.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை. ஒரு போத்தல் மண்ணெண்ணெய், கொஞ்சம் சாக்குத்தூள் (சாக்பீஸ் பொடி), கம்பித் தூரிகை, டார்ச், அரைக்கிலோ சுத்தியல் எடுத்துக்கொண்டு போங்கள். உடம்பின் வளைவுப் பகுதி, அடித்தளப் போல்ட்டுத் துளைகள், சிலிண்டர் உட்காரும் விளிம்பு ஆகிய மூன்று இடங்களில் பெயின்டைச் சுரண்டி மண்ணெண்ணெய் தடவுங்கள். பத்து நிமிடம் விட்டு நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்குத்தூள் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் வெளியே ஊறி, வெள்ளைத் தூளில் முடி போல ஒரு கோடு விழும். வளைவுப் பகுதியில் அப்படி ஒரு கோடு விழுந்தால் விட்டுவிடுங்கள். பழைய வார்ப்பிரும்பைச் சாதாரண வெல்டிங் செய்தால் பக்கத்தில் இன்னொரு விரிசல் ஓடும். தையல் போல ஊசி அடித்துச் சேர்க்கும் முறை உண்டு, அதைச் செய்யத் தெரிந்தவர் கிடைப்பது அரிது. சின்ன விளிம்பு விரிசலானால் பித்தளை ஊற்றி ஒட்டலாம்.

அடுத்து தண்டு. தண்டு தலைக்குள் நுழையும் இடத்தை விரல் நகத்தால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். இந்த எந்திரத்தில் உடைகிற இடம் அதுதான். தலையின் அடியில் டை உட்காரும் டவ்டெயில் (புறா வால் போல உள்ளே அகன்ற) காடியின் உள்மூலைகளையும் பாருங்கள். மூலையில் விரிசல் இருந்தால் தலையே போச்சு. சிலிண்டருக்குள் டார்ச் அடித்து, துரு குழி விழுந்திருக்கிறதா பாருங்கள். குழி இருந்தால் பயப்பட வேண்டாம், கடைந்துவிடலாம். வால்வும் அதை ஓட்டும் நெம்புகோல்களும் முழுசாக இருக்கின்றனவா என்று எண்ணிக்கொள்ளுங்கள். தலை ஏறும்போது அதைத் தடவியபடி வால்வை மாற்றும் வளைந்த நெம்புகோல் ஒன்று இருக்கும். இரும்புக் கடைக்காரர் கண்ணுக்கு அது ஒரு கோணல் கம்பி மாதிரிதான் தெரியும். கழற்றி எங்கேயாவது எறிந்திருப்பார்கள். குவியலைக் கிளறித் தேடுங்கள், அது இல்லாமல் சம்மட்டி தானாக ஓடாது.

ஏற்றி இறக்குவதில் ஒரு எச்சரிக்கை. சிலிண்டர் மேலே இருப்பதால் இது தலைகனமான எந்திரம். அதை நிற்க வைத்தபடி லோரியில் ஏற்றாதீர்கள். கிரேன் வைத்து மெதுவாகப் படுக்க வைத்து, அடியில் மரம் கொடுத்து, சங்கிலி போட்டுக் கட்டுங்கள். அதற்கு முன் தலையைக் கீழே இறக்கி மரக்கட்டையில் உட்கார வைத்து, நகராமல் கட்டிவிட வேண்டும். 150 கிலோ இரும்பு உள்ளுக்குள் நழுவினால் நிற்பவர் காலோ கையோ மிஞ்சாது.

கழற்றும் வேலையில் அவசரம் ஆகாது. எனக்கு ஏழு வாரம் பிடித்தது. கியர் எண்ணெயும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து எல்லா நட்டிலும் தினமும் விடுங்கள், ஒரு வாரம் ஊறட்டும். பிறகு சூடு, பிறகு ஸ்பேனர். நட்டுகள் எல்லாம் விட்வொர்த் என்ற பழைய ஆங்கிலேய மரை அளவு. ஓர் அங்குலப் போல்ட்டில் அங்குலத்துக்கு எட்டு மரை, மரையின் கோணம் 55 டிகிரி. மில்லிமீட்டர் நட்டு முதல் இரண்டு சுற்று ஏறுகிற மாதிரி தெரியும், அதை நம்பி முறுக்கினால் மரை போய்விடும். ஜாலான் பாசார் பக்கத்துப் பழைய கருவிக் கடைகளில் தேடினால் விட்வொர்த் ஸ்பேனர் கிடைக்கும். ஒவ்வொரு பாகத்திலும் எண் குத்துங்கள், சேரும் இரண்டு பக்கத்திலும் ஒரே எண்.

பழைய சுற்றுத்துணியையும் கசிவை அடைக்கத் தண்டைச் சுற்றியிருக்கும் பேக்கிங்கையும் கையால் பிய்க்காதீர்கள். அந்தக் காலத்து நீராவி எந்திரங்களில் அது பெரும்பாலும் கல்நார் (அஸ்பெஸ்டாஸ்). தண்ணீர் தெளித்து நனைத்து, சரியான முகக்கவசம் போட்டு, இரட்டைப் பையில் கட்டி, உரிமம் உள்ள கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். நம் நாட்டுச் சட்டத்தில் கல்நார் அட்டவணைக் கழிவு, குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. பழைய பெயின்டில் காரீயச்சத்து இருக்கும், அதையும் காய்ந்த தூளாகச் சுரண்டாதீர்கள்.

தண்டு தலைக்குள் சரிவாக இறுகியிருக்கும். அதைப் பிரிக்கத்தான் பொறுமை வேண்டும். இரண்டு ஆப்புகளை எதிரெதிரே வைத்துச் சமமாக அடித்துக்கொண்டே தலையைச் சுற்றிலும் சூடு காட்ட வேண்டும். தலை விரியும், தண்டு குளிர்ந்தே இருக்கும். எங்களுக்கு நான்காவது நாள் மாலையில் விட்டது. பட்டறை முழுக்கக் கோயில் மணி அடித்த மாதிரி ஒரு சத்தம்.

இனி ஒரு முடிவு எடுக்க வேண்டும்: ஓட்டுவது நீராவியிலா, அழுத்திய காற்றிலா? காற்று என்றே சொல்வேன். கொதிகலன் வைத்தால் அதற்கு ஜே.கே.கே.பி. என்ற தொழில் பாதுகாப்புத் துறையின் தகுதிச் சான்றிதழ் வேண்டும், தகுதி பெற்ற ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். செம்பனை ஆலையில் அதற்கென்றே பாய்லர்மேன் இருப்பார். இரண்டு பேர் நடத்தும் கொல்லுப் பட்டறைக்கு அது ஆகாது. காற்றில் ஓட்டினாலும் காற்றுத் தொட்டிக்குச் சான்றிதழ் தேவை, இதை மறக்க வேண்டாம். பழைய தொட்டியை எங்கேயோ வாங்கி வந்து வெல்டிங் பண்ணி மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வெடித்தால் பக்கத்துப் பட்டறையும் சேர்ந்து போகும்.

காற்று எவ்வளவு வேண்டும் என்பதை வாங்கும் முன்பே கணக்குப் போடுங்கள். என் சிலிண்டரின் உள்விட்டம் 7 அங்குலம், ஓட்டம் 16 அங்குலம். பிஸ்டனின் பரப்பு 248 சதுர சென்டிமீட்டர், 6 பார் அழுத்தத்தில் அதன் மேல் ஒன்றரை டன் தள்ளுகிறது. ஒரு முழு ஓட்டத்துக்கு, ஏற இறங்க இரண்டுக்கும் சேர்த்து, வெளிக்காற்றாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 130 லிட்டர் வேண்டும். என் ஸ்குரூ கம்பிரசர் 30 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 3,400 லிட்டர் தரும். அப்படியென்றால் இடைவிடாமல் ஓட்டினால் நிமிடத்துக்கு 26 முழு அடிதான். கேட்டதும் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் கொல்லன் இடைவிடாமல் அடிப்பதில்லை. அரை நிமிடம் அடிப்போம், மூன்று நிமிடம் உலையில் வைப்போம். அந்த இடைவெளியில் தொட்டி நிறையும். 3,000 லிட்டர் தொட்டி 8 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்கும்போது 6,000 லிட்டர் வெளிக்காற்றுக்குச் சமமானதைத் தருகிறது, அதாவது 46 முழு அடி. கம்பிரசர் அதே அரை நிமிடத்தில் இன்னும் 13 அடிக்குத் தரும். பாதி ஓட்டத்தில் அடித்தால் இதைப்போல் இரண்டு பங்கு. தொட்டி மறுபடி நிறைய இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆகவே கம்பிரசரைப் பெரிதாக்கப் பணம் போடாதீர்கள், தொட்டியைப் பெரிதாக்குங்கள். தொட்டிக்கும் சம்மட்டிக்கும் நடுவே குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருக்கட்டும்.

நீராவிக்குச் செய்த சிலிண்டர் காற்றுக்குத் தளர்வாக இருக்கும். என்னுடையதன் நடுவில் அரை மில்லிமீட்டருக்கு மேல் தேய்மானம் இருந்தது. ஜாலான் சான் சோவ் லின் பக்கத்துக் கடைசல் பட்டறை ஒன்றில் கடைந்து, பிஸ்டனைப் புதிதாக வார்த்து, வார்ப்பிரும்பு வளையங்கள் போட்டோம். வளையத்தின் வாய் இடைவெளி, விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் மூன்று தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட வேண்டும். எனக்கு 21 தவ், அரை மில்லிமீட்டர். எண்ணெயையும் மாற்றுங்கள். நீராவிக்குப் போடும் கெட்டி சிலிண்டர் எண்ணெய் காற்றில் பசையாகி வளையங்களை ஒட்ட வைத்துவிடும். பாறை துளைக்கும் கருவிக்குப் போடும் எண்ணெய் நன்றாக இருக்கிறது. வழியில் ஒரு லூப்ரிகேட்டர், அதற்கு முன்னால் தண்ணீர் பிரிப்பான். கோலாலம்பூர் காற்றின் ஈரத்துக்கு, முழு வேலை நாளில் தொட்டியின் அடியிலிருந்து பத்து லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கிறேன். வடிக்காமல் விட்டால் அத்தனையும் சிலிண்டருக்குப் போய் எண்ணெயைக் கழுவிவிடும்.

இப்போது அடித்தளம். முழு வேலையிலும் அதிகம் கவனம் கேட்பது இதுதான், நான் தவறு செய்ததும் இதில்தான்.

முதல் முறை குழி தோண்டி, கம்பி கட்டி, காங்கிரீட் போட்டு, அதன் மேல் பட்டடையை நேராக இறக்கி, அடியிலும் சுற்றிலும் கிரவுட் (சிமெண்ட் காரை) ஊற்றினேன். காங்கிரீட்டுக்கு மேல் என்ன வேண்டும் என்ற நினைப்பு. மூன்று மாதத்தில் அடியில் இருந்த கிரவுட் மாவாகிப் போனது. பட்டடை ஒரு பக்கமாக 6 மில்லிமீட்டர் இறங்கியது. கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் கீழ் டை சாய்ந்ததால் ஒவ்வோர் அடியும் தலையின் ஓரத்தில் விழுந்தது, தலை ஒவ்வோர் அடிக்கும் தண்டை வளைத்தது. ஒரு தைப்பூசத்துக்கு முந்திய வாரம், வேல் அடித்துக்கொண்டிருந்தபோது சத்தம் மாறியது. கனத்த 'தம்' போய், ஓட்டைப் பானையில் தட்டுகிற மாதிரி 'டக்' என்று கேட்டது. நிறுத்திவிட்டுத் துடைத்துப் பார்த்தால், தண்டு தலைக்குள் நுழையும் இடத்தில் முக்கால் சுற்றுக்கு விரிசல். பிரித்துப் பார்த்தபோது பழைய விரிசல் பகுதி கறுத்து, சிப்பியின் மேல்பக்கம் போல வரிவரியாக இருந்தது. கீழே மண்ணில் நடந்த தவறு ஆறடி உயரத்தில் வந்து உடைத்தது.

புதுத் தண்டு 4340 எஃகில் கடைந்தோம். சரிவு தொடங்கும் இடத்தில் கூர்மையான படி வைக்காமல் அகலமான வளைவு கொடுத்து, கடைசல் கோடு ஒன்றுகூடத் தெரியாத அளவுக்கு மெருகேற்றினோம். சின்னக் கீறல் போதும், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

அடித்தளத்தை அடியோடு உடைத்து மறுபடி கட்டினேன். இந்த முறை நீளம் 2.4 மீட்டர், அகலம் 2 மீட்டர், ஆழம் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். அடியில் 600 மில்லிமீட்டர் தடிப்பில் கம்பி கட்டிய காங்கிரீட். 28 நாள் காயவிட்டோம், ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை. அதன் மேல் செங்கால் என்ற கெட்டியான காட்டு மரத்து ரயில் சிலிப்பர் கட்டைகள் மூன்று அடுக்கு, ஒன்றுக்கொன்று குறுக்காக. ஒவ்வோர் அடுக்கையும் இழைத்துச் சமமாக்கி, இரும்பு பட்டை போட்டுச் சேர்த்து இறுக்கினோம். பட்டடை அந்த மரத்தின் மேல் உட்காருகிறது. மரம் அடியை வாங்கிக் கொஞ்சம் அமுங்கி, அகலமாகப் பரப்பிக் காங்கிரீட்டுக்குக் கொடுக்கும். காங்கிரீட் தானாக அமுங்காது, பொடிந்துதான் போகும். செங்கால் மரத்தைக் கரையான் இலேசில் தொடாது, ஈரத்திலும் நிற்கும். உடம்பு நிற்பது தனிக் காங்கிரீட் தோளில். பட்டடைக்கும் உடம்புக்கும் நடுவே, மொத்தத்துக்கும் பட்டறைத் தரைக்கும் நடுவே, ஒட்டாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு ரப்பர் பட்டை செருகியிருக்கிறேன். அண்டைப் பட்டறைக்காரர் முன்பு தன் அலமாரியில் கண்ணாடிப் பொருள் வைக்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார், இப்போது வைக்கிறார்.

நம் ஊர் மழைக்கு இன்னொன்று. குழியின் ஒரு மூலையைத் தாழ்த்தி அதில் ஒரு சின்ன பம்ப் வையுங்கள். மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால் ஒவ்வோர் அடிக்கும் சேறு மேலே பீச்சும். கடை வீட்டிலோ வரிசை வீட்டின் பின்புறத்திலோ இந்த எந்திரத்தை வைக்க நினைக்காதீர்கள், எந்த அடித்தளமும் போதாது. தொழிற்பேட்டை லாட்டாக இருக்க வேண்டும், மூன்று பேஸ் மின்சாரம் இருக்க வேண்டும், நகராண்மை உரிமமும் அதற்கேற்றபடி இருக்க வேண்டும்.

பட்டடை உட்கார்ந்த பின் மட்டம் பார்த்து, எண்களை எழுதி வையுங்கள். முதல் நாள், முதல் வாரம், முதல் மாதம் என்று திரும்பப் பாருங்கள். மரம் முதல் மாதத்தில் கொஞ்சம் அமுங்கும். சமமாக அமுங்கினால் சரி.

டைகளுக்கு எச்13 எஃகு நல்லது. டவ்டெயிலில் நீலச்சாயம் தடவி, முழு நீளமும் ஒட்டுகிறதா பார்த்து, ஒட்டாத இடத்தை அரம் போட்டுச் சேருங்கள். டையை இறுக்கும் ஆப்புக்கு, ஓர் அடி நீளத்துக்கு 1/8 அங்குலச் சரிவு. ஆப்பைக் காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை தட்டிப் பார்க்க வேண்டும்.

முதல் ஓட்டத்துக்கு என் பெரியப்பாவைக் கூட்டி வந்தேன். செந்தூல் ரயில்வே பட்டறையில் வாழ்நாள் முழுக்க ஹாமர் டிரைவராக, அதாவது கைப்பிடியைப் பிடித்துச் சம்மட்டியை ஓட்டுபவராக, இருந்தவர். கொல்லர் வாய் திறக்க மாட்டார், அந்தச் சத்தத்தில் பேசியும் பயனில்லை. கொல்லரின் தலையசைவைப் பார்த்து டிரைவர் அடியின் கனத்தை மாற்றுவார். அவருக்கு நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. டைகளுக்கு நடுவே சிலிப்பர் துண்டு ஒன்றை வைத்து, காற்றை 2 பாரில் நிறுத்தி, வால்வைத் திறந்தேன். தலை இழுத்து இழுத்து ஏறி, தொப்பென்று விழுந்தது. கைப்பிடியை வேகமாக அழுத்தினேன்.

"அடிக்காதடா," என்றார் பெரியப்பா. "இறக்கு. அடிக்கிறது அப்புறம்."

கைப்பிடியை அவர் வாங்கினார். நெம்புகோலின் இணைப்புக் கம்பியில் இரண்டு மரை குறைக்கச் சொன்னார், இன்னும் அரை மரை என்றார். அழுத்தத்தை 5 பாருக்கு ஏற்றினோம். தலை இப்போது நூல் பிடித்த மாதிரி ஏறி, நின்று, இறங்கியது. சட்டைப் பையிலிருந்து ஒரு கச்சானை (வேர்க்கடலையை) எடுத்துக் கீழ் டையில் வைத்தார். தலை இறங்கியது, 'டிக்' என்று ஒரு சத்தம். ஓடு மட்டும் இரண்டாகப் பிளந்திருந்தது, பருப்பில் கீறல் இல்லை. நாஸ்மித் ஒயின் கிண்ணத்தில் முட்டையை வைத்து, கிண்ணம் உடையாமல் முட்டையை மட்டும் உடைத்துக் காட்டுவாராம். செந்தூலில் புதிதாக வந்த பையன்களுக்குக் கச்சான்தான் பரீட்சை என்றார் பெரியப்பா. நீங்களும் கச்சானில் பழகுங்கள். ஒரு வாரம் இரும்பே வைக்காமல் கைப்பிடியை மட்டும் பழகுவது வீண் இல்லை.

வேலையில் மறக்கக் கூடாதவை சில. டையோடு டை மோதும்படி வெறுமனே அடிக்காதீர்கள். இரும்பை டையின் நடுவில் வையுங்கள், ஓரத்தில் வைத்துக் கனமாக அடித்தால் தண்டுதான் பதில் சொல்லும். காலையில் முதல் அடிக்கு முன் சூடான இரும்புத் துண்டு ஒன்றை டைகளுக்கு நடுவே ஐந்து நிமிடம் வைத்து, டைகளைக் கை பொறுக்கும் அளவுக்கு வெதுவெதுப்பாக்குங்கள். ஆரஞ்சு நிறத்தில் தொடங்கி, இரும்பு மங்கிய சிவப்புக்கு வந்ததும் நிறுத்தி உலைக்குக் கொண்டுபோங்கள். ஸ்பிரிங் பட்டையை ஆறிய பிறகும் அடித்தால் உள்ளே விரிசல் விழும், அது தண்ணீரில் தோய்க்கும்போதுதான் வெளியே தெரியும். டையை மாற்றவோ கீழே கை வைக்கவோ நேர்ந்தால், தலைக்கு அடியில் கட்டை கொடுத்து, காற்றை அடைத்து, குழாயில் இருப்பதையும் வெளியே விட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். காதுக்கு அடைப்பான் எப்போதும் வேண்டும். பெரியப்பாவிடம் இப்போது காதருகே போய்க் கத்தினால்தான் கேட்கும்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் சிலிப்பர் துண்டைக் கீழ் டையில் வைத்து, தலையை மெதுவாக அதன் மேல் இறக்குங்கள். காற்றை அடைத்து, தொட்டித் தண்ணீரை வடித்து, தண்டில் எண்ணெய்த் துணியால் ஒரு முறை துடைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் தலையின் மேல், தண்டைச் சுற்றி, ஐம்பது காசு அகலத்துக்கு எண்ணெய் வளையம் நின்றிருந்தால் பேக்கிங் சரியாக இருக்கிறது. அதைவிடப் பெரிதாகப் பரவியிருந்தால் பேக்கிங் நட்டுகளை இரண்டு பக்கமும் சமமாகக் கால் சுற்று இறுக்குங்கள். வளையமே இல்லாமல் காய்ந்திருந்தால் இறுக்கம் அதிகம், கால் சுற்று தளர்த்திவிட்டு அன்றைய வேலையைத் தொடங்குங்கள்.